மாரத்தான் பயிற்சியில் மேட்டு இன்டர்வெல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் மேட்டுப் பயிற்சி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வாரத்துக்கு நான்கு நாளாவது ஓடிக்கொண்டிருப்பவர், சில மாதங்களில் 42.195 கிலோமீட்டர் ஓடப்போகிறவர் ஒருவரை மனதில் வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

மேடு உள்ள பாதையில் ஓடினாலே அது மேட்டு இன்டர்வெல் ஆகிவிடுமா?

ஆகாது. மேடும் பள்ளமுமான பாதையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வருவது நல்ல பயிற்சிதான், ஆனால் அது வேறு. இன்டர்வெல் என்றால் ஒரே ஏற்றத்தில், முன்கூட்டியே முடிவு செய்த நேரத்துக்குக் கடுமையாக ஏறுவீர்கள். மெதுவாக இறங்கி வந்து மூச்சு அடங்கியதும் மறுபடி ஏறுவீர்கள். எத்தனை சுற்று, ஒவ்வொரு சுற்றும் எத்தனை விநாடி, நடுவில் எவ்வளவு ஓய்வு என்ற மூன்றும் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தெரிந்திருக்க வேண்டும். மேட்டின் அடியில் நின்று "இன்னைக்கு எத்தனை முடியுதோ பார்ப்போம்" என்று தொடங்கினால், பெரும்பாலும் முதல் இரண்டு சுற்றிலேயே எல்லாம் தீர்ந்துவிடும்.

நான் ஓடப்போகும் மாரத்தான் தட்டையான பாதை. எனக்கு எதற்கு மேடு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தட்டைப் பாதை ஓட்டக்காரருக்கும் மேடு வேண்டும் என்பதே என் பதில். காரணங்களைச் சொல்கிறேன்.

மாரத்தானில் கடைசி 10 கிலோமீட்டரில் பெரும்பாலோருக்கு முதலில் கைவிடுவது மூச்சு அல்ல, கால்கள். இடுப்பு கீழே இறங்கும், முழங்கால் தூக்குவது குறையும், பாதம் தரையில் தங்கும் நேரம் கூடும். ஒவ்வொரு காலடியிலும் இழக்கும் சில சென்டிமீட்டர்கள் சேர்ந்து கிலோமீட்டருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று போய்விடும். மேடு ஏறும்போது உடம்பை முன்னால் மட்டுமல்ல, மேலேயும் தள்ள வேண்டியிருக்கிறது. புட்டத் தசை, பின்தொடை, கெண்டைக்கால் மூன்றும் அதிகப்படியாக உழைக்கின்றன. ஜிம்மில் எடை தூக்கினாலும் இந்தத் தசைகள் பலப்படும். ஆனால் ஓட்டத்தின் அசைவிலேயே, ஓட்டத்தின் தாளத்திலேயே பலப்படுத்துவது மேடுதான்.

இன்னொன்று, காயம். தட்டைத் தரையில் இதயத்தையும் நுரையீரலையும் உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் வேகமாக ஓடியாக வேண்டும். வேகம் கூடினால் பாதம் தரையில் மோதும் விசையும் கூடும். மேட்டில் குறைந்த வேகத்திலேயே இதயம் அதே உச்சத்தைத் தொடுகிறது. தரையும் பாதத்தை நோக்கி உயர்ந்து வருவதால் மோதல் குறைகிறது. விசையை அளக்கும் டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்திருக்கிறார்கள். 9 டிகிரி இறக்கத்தில் மோதல் விசையின் உச்சம் சமதளத்தைவிட 54 சதவீதம் கூடியது, ஏற்றத்தில் குறைந்தது. ஆகவே டிராக் இன்டர்வெல் செய்தாலே முழங்கால் முணுமுணுக்கும் ஓட்டக்காரருக்கு மேடு ஒரு நல்ல மாற்று.

இது புதிய யோசனையும் அல்ல. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் மாணவர்களுக்கு முதலில் மாதக்கணக்கில் நீண்ட தூரம் ஓடவைத்து, அதற்குப் பிறகு சில வாரங்கள் மேட்டில் துள்ளி ஏறும் பயிற்சி கொடுத்து, அதன் பிறகே டிராக் வேகத்துக்கு அழைத்துப் போனார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் மாணவர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். பாரி மேகி மாரத்தானில் வெண்கலம் வென்றார். 800 மீட்டர் ஓடியவருக்கும் மாரத்தான் ஓடியவருக்கும் அடித்தளம் ஒன்றாகவே இருந்தது, மேடும் அதில் இருந்தது. ரோம் மாரத்தானுக்காக மட்டும் அவர் மேடு ஏற்றவில்லை.

எவ்வளவு சரிவான மேடு வேண்டும்? எப்படி அளப்பது?

100 மீட்டர் முன்னால் போகும்போது 5 மீட்டர் உயர்ந்தால் அது 5 சதவீத ஏற்றம். இரண்டு மூன்று நிமிடம் ஓடும் சுற்றுகளுக்கு 4 முதல் 6 சதவீதம் போதும். ஒரு நிமிடத்துக்குள் முடியும் சுற்றுகளுக்கு 6 முதல் 10 வரை போகலாம். அதற்கும் மேல் செங்குத்தானது பத்து விநாடிப் பாய்ச்சல்களுக்கு மட்டும்.

பெரிய மேட்டைத் தேடி அலைகிறவர்கள் அதிகம். அது தேவையில்லை. ஏற்றம் மிகச் செங்குத்தாக இருந்தால் ஓட்டம் ஓட்டமாகவே இருக்காது. குதிகால் தரையைத் தொடாமல், முதுகு வளைந்து, ஏறுவதும் ஓடுவதுமல்லாத ஒன்றாகிவிடும். உங்கள் வழக்கமான ஓட்ட அசைவு கெடாமல் ஏற முடிகிற மேடுதான் மாரத்தான்காரருக்கு உகந்தது. சரிவைவிட முக்கியம் தரையும் போக்குவரத்தும். திரும்பத் திரும்ப ஏறி இறங்கப் போகிறீர்கள், களைத்திருக்கும்போது வண்டிகளைக் கவனிக்க மனம் வராது. வண்டி அதிகம் வராத, சீரான தளம் உள்ள மேட்டைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த வேகத்தில் ஏற வேண்டும்? வாட்ச்சில் பேஸ், அதாவது ஓடும் வேகம், ரொம்பக் குறைவாகக் காட்டுகிறதே?

காட்டத்தான் செய்யும். 5 சதவீத ஏற்றத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆகும் ஆற்றல் சமதளத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம். 10 சதவீத ஏற்றத்தில் 60 சதவீதத்துக்கும் மேல். கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் ஓடுகிறவர் அதே உழைப்போடு 5 சதவீத மேட்டில் ஏறினால் 7 நிமிடம் 45 விநாடி அளவில்தான் போவார். வாட்ச்சில் 7:45-ஐப் பார்த்துப் பதறி 6:30-க்கு இழுத்தால், அது வேறொரு பயிற்சியாகிவிடும்; மூன்றாவது சுற்றோடு முடிந்தும் போகும்.

மேட்டில் பேஸை மறந்துவிடுங்கள். இதயத்துடிப்பும் குறுகிய சுற்றுகளில் உதவாது. உழைப்பு கூடிய பிறகு துடிப்பு ஏறிவர நேரம் எடுக்கும். 60 விநாடிச் சுற்றில் அது உச்சத்தை எட்டுவதற்குள் நீங்கள் இறங்கத் தொடங்கியிருப்பீர்கள். மூன்று நான்கு நிமிடச் சுற்றுகளில் வேண்டுமானால் துடிப்பைப் பார்க்கலாம்.

மிஞ்சுவது முயற்சி. அதைப் பேச்சை வைத்து அளக்கலாம். நீண்ட சுற்றுகளில் நான்கைந்து சொல் சேர்த்துப் பேச முடிய வேண்டும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடச் சுற்றுகளில் ஒரு சொல்தான் வரும், அதுவும் திக்கும். எதுவும் வராமல் வாயால் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினால் மிஞ்சிப் போய்விட்டீர்கள்.

இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. ஒரு துண்டு சாக்பீஸ் எடுத்துப் போங்கள். முதல் சுற்றில் 60 விநாடி முடிந்த இடத்தில் சாலையோரத்தில் ஒரு கோடு போடுங்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் 60 விநாடி முடியும்போது எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். கடைசிச் சுற்றில் அதே கோட்டை, அல்லது அதற்கு இரண்டு மூன்று அடி மேலே தொட்டால் அன்றைய பயிற்சி சரியாக நடந்திருக்கிறது. கோடுகள் படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தால், தொடக்கத்திலேயே அதிகம் செலவழித்திருக்கிறீர்கள். மாரத்தானிலும் பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான்: முதல் பாதியில் காலில் இருக்கும் தெம்பை நம்பி ஓடிவிடுகிறார்கள். மேட்டுப் பயிற்சி தரும் பெரிய லாபம் தசைப் பலம் என்று எல்லோரும் சொல்வார்கள். முயற்சியைச் சீராகப் பங்கிடும் பழக்கம் அதற்குக் குறைந்த லாபம் அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். தட்டைத் தரையில் அந்தத் தவறு 30 கிலோமீட்டர் தாண்டித்தான் தெரியும். மேட்டில் இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு நாள் பயிற்சி முழுதாக எப்படி இருக்கும்?

15 முதல் 20 நிமிடம் மெதுவான ஓட்டம். பிறகு தட்டையில் 20 விநாடி நீளத்துக்கு நான்கு விரைவு ஓட்டங்கள். இவை கட்டாயம், குளிர்ந்த கெண்டைக்காலோடு மேட்டில் பாயக் கூடாது. அதன் பின் 60 விநாடி ஏற்றம் ஆறு முறை. ஒவ்வொரு முறையும் தொடங்கிய இடத்துக்கு மெல்ல ஜாக் செய்து இறங்குங்கள், அதற்கு ஒன்றரை இரண்டு நிமிடம் ஆகும். அடியில் நின்று இன்னும் மூச்சு அடங்கவில்லை என்றால் அரை நிமிடம் கூடுதலாக எடுங்கள், தவறில்லை. முடிவில் 10 நிமிடம் கூல்-டவுன், அதாவது உடம்பு தணிய மெதுவான ஓட்டம்.

அடுத்தடுத்த வாரங்களில் ஆறை எட்டாக்கலாம், பிறகு பத்தாக்கலாம். அல்லது எண்ணிக்கையை ஆறிலேயே வைத்துக்கொண்டு நேரத்தை 90 விநாடியாக்கலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். கடுமையாக ஏறும் மொத்த நேரம் 6 நிமிடத்தில் தொடங்கி 15, 16 நிமிடத்தை எட்டினால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். கடைசிச் சுற்றை முடிக்கும்போது "இன்னும் ஒன்று முடியும்" என்று தோன்ற வேண்டும். அந்த இன்னொன்றை ஓடக் கூடாது.

வேறு வகைகள் உண்டா?

உண்டு. 8 முதல் 10 விநாடி முழுப் பாய்ச்சல், செங்குத்தான மேட்டில், நடுவில் இரண்டு மூன்று நிமிடம் நடை. இதில் மூச்சு வாங்கவே கூடாது. இது நரம்புக்கும் தசைக்குமான பயிற்சி. சாதாரண ஈஸி ரன்னின் (மெதுவான ஓட்டத்தின்) முடிவில் நான்கைந்து சேர்த்துக்கொள்ளலாம்.

2 முதல் 4 நிமிடச் சுற்றுகள் வி.ஓ.2 மேக்ஸ் என்கிறோமே, உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு, அதை வளர்க்கும். 5 முதல் 8 நிமிடம் வரை 3, 4 சதவீத மென்மையான ஏற்றத்தில் ஓடினால் அது ஏற்றத்தில் ஓடும் டெம்போ, அதாவது கடினமாக இருந்தாலும் சீராகத் தாங்கக்கூடிய வேகத்தில் ஓடும் ஓட்டம். மாரத்தான்காரருக்கு இந்தக் கடைசி வகை மிகவும் பொருத்தமானது, ஆனால் அவ்வளவு நீளமான மேடு கிடைப்பது கஷ்டம். கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

18 வாரத் திட்டத்தில் இதை எங்கே வைப்பது?

முதல் மூன்று நான்கு வாரம் ஈஸி ரன்களோடு பத்து விநாடிப் பாய்ச்சல்கள் மட்டும். தசைநார்கள் மேட்டுக்குப் பழக இந்த அவகாசம் தேவை. அடுத்து, ஏறக்குறைய 5-ஆவது வாரத்திலிருந்து 11-ஆவது வாரம் வரை, வாரத்துக்கு ஒரு நாள் மேட்டு இன்டர்வெல். முதலில் குறுகிய சுற்றுகள், போகப் போக நீண்டவை. 12-ஆவது வாரத்துக்குப் பின் திட்டத்தின் மையம் மாரத்தான் பேஸுக்கு, அதாவது போட்டியில் ஓட நினைக்கும் வேகத்துக்கு, மாற வேண்டும். மேடு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தால் போதும். போட்டிக்கு முந்தைய மூன்று வாரங்களில் கடுமையான மேடு வேண்டாம். உங்கள் போட்டிப் பாதையே மேடு நிறைந்தது என்றால் 15-ஆவது வாரம் வரை வாராவாரம் தொடரலாம்.

வாரத்துக்குள் எந்த நாள்? லாங் ரன்னிலிருந்து (வாரத்தின் நீண்ட ஓட்டத்திலிருந்து) இரண்டு நாளாவது தள்ளி. ஞாயிறு லாங் ரன் என்றால் புதன் நல்ல நாள். முந்தைய நாளும் மறுநாளும் ஈஸி ரன் அல்லது ஓய்வு. மேட்டு நாளையும் டெம்போ நாளையும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் கெடும்.

ஏறும்போது உடம்பை எப்படி வைத்துக்கொள்வது?

காலடியைச் சிறிதாக்குங்கள், ஆனால் தாளத்தைக் குறைக்காதீர்கள். பார்வை பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். உச்சியை அண்ணாந்து பார்த்தால் கழுத்து இறுகும், காலடியைக் குனிந்து பார்த்தால் இடுப்பு மடியும். முன்னால் சாய்வது கணுக்காலிலிருந்து வர வேண்டும். இடுப்பில் மடிந்து சாய்ந்தால் நுரையீரலுக்கும் இடமில்லை, புட்டத் தசையும் வேலை செய்யாது. கைகளைப் பின்னால் இழுப்பதில் கவனம் வையுங்கள், முழங்கால் தானாகத் தூக்கும்.

யாரையாவது பக்கவாட்டில் நின்று போனில் முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எந்த அறிவுரையும் காட்டாததை அது காட்டிவிடும்.

இறங்குவதற்கும் பயிற்சி வேண்டுமா? அது ஓய்வுதானே?

இன்டர்வெல் நாளில் இறக்கம் ஓய்வு. ஆனால் போட்டிப் பாதையில் இறக்கம் இருந்தால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பாஸ்டன் மாரத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 32 கிலோமீட்டரைத் தாண்டியதும் வரும் ஹார்ட்பிரேக் ஹில் உலகம் முழுக்க ஓட்டக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். 1936-இல் ஜானி கெல்லி அங்கே டார்சன் பிரவுனை எட்டிப் பிடித்து, கடந்து போகும்போது தோளில் தட்டிக்கொடுத்தார். பிரவுன் சீண்டப்பட்டவர்போல மறுபடி முன்னேறிப் போட்டியை வென்றார். அங்கே கெல்லியின் இதயம் நொறுங்கியது என்று ஒரு பத்திரிகையாளர் எழுதியதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது. ஆனால் அந்த மேட்டை அளந்து பார்த்தால் அரை மைலில் ஏறத்தாழ 27 மீட்டர்தான். அதனினும் செங்குத்தான மேட்டில் வாராவாரம் பயிற்சி செய்தவர்கள்கூட அங்கே நடக்கிறார்கள். காரணம், பாதை தொடக்கத்திலிருந்தே இறக்கமாகப் போகிறது. அங்கு வந்து சேர்வதற்குள் முன்தொடை அடிபட்டிருக்கிறது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே விசையைத் தாங்குகிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாவது இப்படி நீளும்போதுதான். மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிக்கிறோமே, அதன் மூலமும் இதுவே.

நல்ல செய்தி, இந்தச் சேதத்துக்கு உடம்பு வேகமாகப் பழகுகிறது. ஒருமுறை இறக்கத்தில் ஓடி வலி கண்ட தொடை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை வெகு குறைந்த வலியோடு தாங்கும். ஆகவே போட்டிக்கு ஆறேழு வாரம் இருக்கும்போது, 3, 4 சதவீத மென்மையான இறக்கத்தில் 60 முதல் 90 விநாடி வரை நான்கைந்து முறை மாரத்தான் பேஸைவிடச் சற்று வேகமாக இறங்கிப் பாருங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை போதும். கடைசி இறக்கப் பயிற்சி போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன் முடிந்துவிட வேண்டும். இறங்கும்போது பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போடாதீர்கள். காலடி சிறிதாகவும் விரைவாகவும் இருக்கட்டும்.

எங்கள் பக்கம் மேடே இல்லை. டிரெட்மில்லில் செய்யலாமா?

தாராளமாக. ஏற்றம் துல்லியமாகக் கிடைக்கும், உச்சி வந்து தடைப்படாது. இரண்டு கவனிப்புகள்: பெல்ட் சாய்வதற்கும் வேகம் மாறுவதற்கும் சில விநாடி ஆகும், அதனால் 90 விநாடிக்குக் குறைந்த சுற்றுகள் அதில் சரிவராது. கைப்பிடியைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மேடு காலுக்கு எட்டாது. பெரும்பாலான டிரெட்மில்களில் இறக்கம் கிடையாது, அதற்கு வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

மேம்பாலத்தின் நடைபாதை, வண்டி நிறுத்தும் கட்டடத்தின் சாய்தளம் இவையும் மேடுகள்தான், ஓட அனுமதி இருந்தால். படிக்கட்டு அவ்வளவு நல்ல மாற்று அல்ல. காலடியின் நீளத்தைப் படி தீர்மானித்துவிடுகிறது, உங்கள் ஓட்டம் அதில் வராது.

நடுவில் முடியாமல் போனால் நடக்கலாமா?

இறங்கும்போது நடக்கலாம். ஏறும்போது நடக்க வேண்டி வந்தால் அன்றைய பயிற்சியை அந்தச் சுற்றோடு நிறுத்தி, மெதுவாக ஓடி வீடு போய்ச் சேருங்கள்.

மேடு தொடங்கியதிலிருந்து குதிகாலுக்கு மேலே வலிக்கிறது. தொடரலாமா?

குதிகாலையும் கெண்டைக்காலையும் இணைக்கும் அக்கிலிஸ் தசைநாருக்கு மேடு அதிகச் சுமை தருகிறது. ஏறும்போது குதிகால் தாழ்ந்து அந்தத் தசைநார் நீள்கிறது, நீண்ட நிலையிலேயே உடம்பைத் தள்ளவும் செய்கிறது. பயிற்சிக்கு மறுநாள் கெண்டைக்கால் முழுதும் பரவலாக வலித்து ஓரிரு நாளில் போய்விட்டால் அது வழக்கமான தசைவலி. காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகாலுக்குச் சற்று மேலே ஓர் இடத்தில் விறைத்து வலித்தால், விரலால் அழுத்தினால் அதே இடம் வலித்தால், மேட்டை உடனே நிறுத்துங்கள். தட்டையில் வலியின்றி ஓட முடிந்தால் மெதுவாக ஓடலாம். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். இந்தத் தசைநார் காயம் பொறுத்துக்கொண்டு ஓடினால் சரியாகிவிடும் வகை அல்ல. இரண்டு வாரத்தில் போக வேண்டியது நான்கு மாதம் இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே அக்கிலிஸ் தொல்லை இருந்தவர்கள் மேட்டுக்கு முன், படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றும் பயிற்சியைச் சில வாரம் செய்துவிட்டு வருவது நல்லது.

இது என் முதல் மாரத்தான். இதெல்லாம் எனக்கும் தேவையா?

நான்கைந்து மாதமாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்து, லாங் ரன் 15 கிலோமீட்டரை எட்டியிருந்தால் தொடங்கலாம். 30 விநாடி ஏற்றம், ஆறு முறை, அவ்வளவுதான். அதற்கும் முந்தைய நிலையில் இருப்பவர் ஈஸி ரன் பாதையில் ஒன்றிரண்டு மேடு வருகிறமாதிரி வைத்துக்கொள்ளட்டும். முதல் மாரத்தானை முடிக்க வைப்பது வாரா வாரம் விடாமல் ஓடும் மொத்தத் தூரம். மேட்டுக்காக லாங் ரன்னைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

போட்டி நாளில் மேடு வந்தால் எப்படி ஓடுவது?

மூச்சின் தாளம் மாறாமல். மேட்டின் அடியில் உங்கள் மூச்சு எப்படி இருந்ததோ அதிலிருந்து சற்றுத்தான் கூட வேண்டும். பேஸ் கிலோமீட்டருக்கு 20, 30 விநாடி குறைந்தால் குறையட்டும். பக்கத்தில் இருப்பவர்கள் கடந்து போவார்கள், போகட்டும். இழந்த நேரத்தை இறக்கத்தில் முழுதாக மீட்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 5 சதவீத ஏற்றம் 30 சதவீதம் கூடுதல் ஆற்றலை வாங்கினால், அதே அளவு இறக்கம் திருப்பித் தருவது 25 சதவீதத்துக்கும் குறைவு, அதையும் தொடைதான் சுமக்கிறது. அதனால் மேடுள்ள பாதையில் இலக்கு நேரத்தைத் தட்டைப் பாதையின் நேரத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சியை எட்டியதும் ஓய்ந்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. பயிற்சியில் ஒவ்வொரு சுற்றும் உச்சியில் முடிவதால் வரும் பழக்கம் அது. மேட்டுப் பயிற்சியின் கடைசி இரண்டு வாரங்களில் கோட்டைத் தாண்டி, மேடு தட்டையாகும் இடத்தில் இன்னும் 20 மீட்டர் அதே முயற்சியோடு ஓடிவிட்டு நிறுத்துங்கள். போட்டியில் உச்சி வந்ததும் கால் தானாக நீண்ட காலடிக்குத் திரும்பும்.